கிளாண்டைக் தங்க ஓடை ஊமைப்படங்கள்: "குழி எங்கே?" என்று அப்பா கேட்டார்

செம்மண்:

எங்கள் குடும்பம் கோலார் தங்கவயல். கொள்ளுத்தாத்தா வட ஆர்க்காட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போனவர். அப்பா சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தார், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடும்வரை. இப்போது என்னோடு சென்னையில் இருக்கிறார்.

போன வாரம் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் எடிசன் கம்பெனிப் படங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கனடாவின் யூகான் பகுதியில், கிளாண்டைக் தங்க வேட்டைக் காலத்தில் எடுத்த ஒரு துண்டுப் படம் கிடைத்தது. ஆண்டு 1901 என்று போட்டிருக்கிறது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'ஹங்கர் 20 மேல், தங்கம் கழுவுதல்' என்று வரும். ஆட்கள் மண்ணை வாரிப் போடுகிறார்கள், தண்ணீர் ஓடுகிறது. அவ்வளவுதான்.

அப்பாவிடம் காட்டினேன். இரண்டு தரம் பார்த்தார். "வேலை செய்றவனைக் காட்டுறான், சரி. குழி எங்கே? இந்த மண்ணு எங்கேருந்து வந்துது?" என்றார். ஓடைக்கரை மண்தானே, அங்கேயே அள்ளியிருப்பார்கள் என்றேன். "மேல் மண்ணுல தங்கம் கெடக்குதுன்னா மொத நாளே அள்ளிட்டுப் போயிருப்பானே" என்றார். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

இதைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மண் எங்கிருந்து வந்தது? அந்த ஆட்கள் யார்? தலைப்பில் இருக்கும் 20 என்பது குளிரின் அளவா?

ஆற்றுமணல்:

செம்மண், உங்கள் அப்பா கையெடுத்துக் கும்பிடவேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறார். நான் நிலவியல் படித்தவன். இந்தப் படங்களைப் பல வருடமாகப் பார்க்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

குழி இருந்தது. படம் எடுத்த நேரத்தில் அந்த வேலை முடிந்திருந்தது.

கிளாண்டைக்கில் தரைக்குக் கீழே மண் வருடம் முழுவதும் உறைந்தே கிடக்கும். தங்கம் மேலே இல்லை. சரளைக்கும் அடியில், பாறையை ஒட்டிப் படிந்திருக்கும். அதனால் குளிர்காலம் முழுக்கக் கீழ்நோக்கித் தோண்டினார்கள். ராத்திரியில் குழிக்குள் விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள். காலையில் சாம்பலையும் இளகிய மண்ணையும் வாரி, கையால் சுற்றும் ராட்டினத்தில் வாளி வாளியாக மேலே இழுப்பார்கள். மறுபடி தீ. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாறைவரை இறங்கி, அப்புறம் பக்கவாட்டில் குடைவார்கள். கோடையில் தோண்டினால் குழிக்குள் தண்ணீர் ஊறும், சுவர் சரியும். குளிர்காலத்தில் உறைந்த சுவரே கல் மாதிரி நிற்கும், மரமுட்டுக்கூடத் தேவைப்படாது. இதை அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள், ரசிப்பார்.

மேலே கொட்டிய மண் மலைபோல் குவிந்து மறுபடி உறைந்துவிடும். அதில் தங்கம் இருக்கிறதா, எவ்வளவு என்று வசந்தம்வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. பனி உருகி ஓடையில் தண்ணீர் வந்தபிறகுதான் நீண்ட மரத்தொட்டிகளை அமைத்து, மண்ணை வாரிப் போட்டுக் கழுவுவார்கள். தொட்டியின் அடியில் குறுக்குச் சட்டங்கள் இருக்கும். மண்ணும் சரளையும் தண்ணீரோடு போய்விடும், கனமான தங்கம் சட்டங்களின் இடுக்கில் தங்கிவிடும். நீங்கள் பார்த்தது இந்தக் கடைசிக் கட்டம்.

20 என்பது குளிர் அல்ல. ஒவ்வொரு ஓடையிலும் முதலில் தங்கம் கண்ட இடத்துக்குக் 'கண்டுபிடிப்பு' என்றே பெயர். அதிலிருந்து நீரோட்டத்துக்கு எதிராக மேலே போனால் 1 மேல், 2 மேல். கீழே வந்தால் 1 கீழ், 2 கீழ். ஒவ்வொரு துண்டும் ஆரம்பத்தில் ஓடை நெடுக 500 அடி. இதை அங்கே கிளெய்ம் என்பார்கள். ஹங்கர் ஓடையில் இருபதாவது மேல் கிளெய்ம், அதுதான் உங்கள் படத்தின் முகவரி. ஓடைக்குப் பெயர் தந்தவர் ஆண்ட்ரூ ஹங்கர் என்ற ஜெர்மானியர்.

படச்சுருள்:

நான் பழைய படச்சுருள்களைச் சுத்தம் செய்து டிஜிட்டலுக்கு மாற்றும் வேலையில் இருக்கிறேன். ஆற்றுமணல் அண்ணா சொன்னதோடு கேமராப் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன்.

குளிர்காலத்தில் யாராவது கேமராவோடு அங்கே இருந்திருந்தாலும் குழிக்குள் படம் எடுத்திருக்க முடியாது. அந்தக் காலத்துப் படச்சுருளுக்கு வெயில் வேண்டும். 1899 நவம்பரில் நியூயார்க்கில் ஜெஃப்ரிஸ், ஷார்க்கி குத்துச்சண்டையை உள்ளரங்கில் படம் பிடிக்க பயோகிராப் கம்பெனி ஏறத்தாழ 400 வில்விளக்குகளை, அதாவது கண் கூசும் மின்விளக்குகளை, தொங்கவிட்டது. யூகானில் ஒரு குழிக்குள் அதற்கு எங்கே போவது? அந்த ஓடைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் டோசன் நகரத்தில் டிசம்பர் மாதம் பகல் என்பதே சில மணி நேரம்தான்.

அதனால் கிளாண்டைக் என்றால் நமக்குக் கிடைப்பது கோடைகாலம் மட்டுமே. ஓடும் தண்ணீர், மேல்சட்டையின் கையை மடித்துவிட்ட ஆட்கள், நல்ல வெளிச்சம். புகையில் கண் எரிய எரிய மாதக்கணக்கில் தோண்டியதற்குத் திரைப்படச் சாட்சி கிடையாது.

எடிசன் கம்பெனிக்காக அங்கே போன கேமராக்காரர் ராபர்ட் போனைன். 1901 என்பது பதிவுரிமை வாங்கிய ஆண்டு. எடுத்த ஆண்டு அதற்கு முந்தியதாக இருக்கலாம். அந்தக் காலத்துப் படங்களில் இந்த இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு விஷயம். அதே எடிசன் கம்பெனி 1899 இல் டோசனில் சீட்டாட்டம் என்று ஒரு படம் வெளியிட்டது. அது நியூ ஜெர்சியில் அவர்களுடைய ஸ்டூடியோவுக்குள் ஆட்களை உட்காரவைத்து எடுத்தது. டோசனின் காற்றுகூட அதில் படவில்லை. ஒரே கம்பெனி, ஒரே ஊர்ப் பெயர். ஒன்று உண்மையான ஓடை, மற்றொன்று நாடகம்.

தெற்குத்தெரு:

கொஞ்சம் மாறுபடுகிறேன். இவற்றை ஆவணப்படம் என்று சொல்வதே சரியில்லை என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் ஆவணப்படம் என்ற எண்ணமே உருவாகவில்லை. ரயில் வருகிறது, அலை அடிக்கிறது, ஆட்கள் தங்கம் கழுவுகிறார்கள், எல்லாம் கூடாரத்தில் காசு வாங்கிக்கொண்டு காட்டிய வேடிக்கை. குளிர்காலம் இல்லை, குழி இல்லை என்று நாம் இப்போது குறைப்படுவது, அவர்கள் தருவதாகச் சொல்லாத ஒன்றை அவர்களிடம் கேட்பது போலத்தான். ஒரு நிமிடத் துண்டில் ஒரு சமூகத்தின் வாழ்க்கையே இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கலாமா?

படச்சுருள்:

தெற்குத்தெரு சார், எடுத்தவரைக் குறை சொல்லவில்லை. வேடிக்கைக்காக எடுத்தது என்பதும் உண்மை. ஆனால் இன்று அவை வேடிக்கைப் படங்களாகப் பயன்படவில்லையே. பாடப்புத்தகத்திலும் தொலைக்காட்சியிலும் 'கிளாண்டைக் இப்படித்தான் இருந்தது' என்று காட்டுவது இவற்றைத்தான். அப்படிக் காட்டும்போது விடுபட்டதைச் சொல்லியே ஆகவேண்டும்.

ஒரு உதாரணம். 1897 ஜூலை 17 அன்று போர்ட்லண்ட் என்ற கப்பல் தங்கத்தோடு சியாட்டிலில் வந்து நின்றது. வேட்டை அன்றிலிருந்து தொடங்கியது. அந்த ஆண்டே எடிசன் ஆட்கள் கிளாண்டைக் போகும் கப்பல்களைத் துறைமுகத்தில் படம் பிடித்தார்கள். மூட்டை ஏற்றுவது ஒரு படம், குதிரைகளை ஏற்றுவது ஒரு படம். இவ்வளவுதான் படத்தில் உண்டு. அந்தப் பருவத்தில் ஒயிட் பாஸ் மலைப்பாதையில் ஏறிய குதிரைகளில் சுமார் 3,000 செத்துப்போயின. அந்தப் பள்ளத்துக்கு இன்றும் செத்த குதிரைப் பள்ளம் என்றே பெயர். இது தெரிந்தபிறகு அந்தக் குதிரைப் படத்தை ஒரு தரம் பாருங்கள். முன்னால் பார்த்த மாதிரி பார்க்க முடியாது. என்னால் முடியவில்லை.

ஆற்றுமணல்:

அந்த ஆட்கள் யார் என்ற கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை, நான் முயல்கிறேன்.

சுமார் ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள். 30,000 முதல் 40,000 பேர்வரைதான் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு வருடத்துக்கான சாமான், ஏறக்குறைய ஒரு டன், கையில் இல்லாவிட்டால் கனடாக் காவல்படை எல்லையில் விடாது. அந்த ஒரு டன்னைத் துண்டு துண்டாகச் சுமந்து, சில்கூட் கணவாயில் பனியில் வெட்டிய படிகளில் பல தடவை ஏறி இறங்கினார்கள். கரிய கோடுபோல மனிதர்கள் ஏறும் அந்தப் புகழ்பெற்ற காட்சி திரைப்படம் அல்ல, எரிக் ஹெக் போன்றவர்கள் எடுத்த புகைப்படம்.

1898 இல் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல ஓடைகள் எல்லாமே ஏற்கெனவே பிறர் பெயரில் பதிவாகியிருந்தன. அதனால் பெரும்பாலானவர்கள் கூலிக்கு இறங்கினார்கள், அல்லது வயலை வாரத்துக்கு எடுப்பதுபோல் அடுத்தவர் கிளெய்மில் கிடைத்ததில் பங்கு பேசிக்கொண்டு தோண்டினார்கள். உங்கள் படத்தில் மண்வெட்டி பிடித்திருப்பவர்கள் நில உரிமையாளர்களாக இருக்கும் வாய்ப்பைவிடக் கூலி ஆட்களாக இருக்கும் வாய்ப்பே அதிகம்.

அமெரிக்கர்கள் நிறைய. அவர்களிலும் பலர் வேறு எங்கிருந்தோ அமெரிக்கா வந்தவர்கள். எல்டொராடோ ஓடையில் பணக்காரரான ஆண்டன் ஸ்டாண்டர் இன்றைய ஸ்லோவேனியாவைச் சேர்ந்தவர். சார்லி ஆண்டர்சன் சுவீடன்காரர். பெலிண்டா முல்ரூனி அயர்லாந்தில் பிறந்து, பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊரில் வளர்ந்தவர். அவருடைய அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. இந்தப் பெண் முதலில் சுரங்க வேலைக்குப் போகவில்லை. ஓடைகள் கூடும் இடத்தில் விடுதி கட்டினார், பிறகு டோசனில் ஃபேர்வியூ ஓட்டல். சுரங்க வீட்டுப் பிள்ளைக்குச் சுரங்கத்தில் காசு எங்கே தங்கும் என்று தெரிந்திருக்கிறது. லூசில் ஹண்டர் என்ற கறுப்பினப் பெண் 1897 இல் வழியிலேயே பிள்ளை பெற்று, குழந்தையோடு வந்து, பொனான்சா ஓடையில் கிளெய்ம் பதிந்தார். கூலிக்குத் தோண்டிய ஆயிரக்கணக்கானோரின் பெயர்கள் இப்படி நம் கைக்கு வருவதில்லை.

முல்லைக்கொடி:

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து 1980களில் வந்த குடும்பம். சில வருடங்களுக்கு முன் கோடை விடுமுறைக்கு டோசனுக்குப் போயிருந்தோம். இந்த இழையை வாசித்தபோது அங்கே விளங்கிக்கொண்ட ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கிளாண்டைக் என்ற சொல்லே அந்த நிலத்து மக்களுடையது. ட்ரொண்டெக் ஹ்வெச்சின் என்பது அவர்களின் பெயர். ஆற்றில் சல்மன் மீன் பிடிக்கக் கழிகளை அறைந்து தடுப்புக் கட்டுவார்கள். கழி அறையும் சுத்தியல் கல்லை வைத்து ஆற்றுக்கு ட்ரொண்டெக் என்று பெயர். வந்தவர்களின் வாயில் அது கிளாண்டைக் ஆயிற்று. 1896 ஓகஸ்டில் முதல் தங்கம் கண்ட குழுவிலும் பூர்வகுடிகள் இருந்தார்கள்: கேய்ஷ் என்ற ஸ்கூக்கம் ஜிம், அவருடைய சகோதரி ஷா ட்லா, உறவுக்காரர் டோசன் சார்லி. ஷா ட்லாவின் கணவர் ஜோர்ஜ் கார்மாக் மட்டும்தான் வெள்ளையர், கண்டுபிடிப்புக் கிளெய்ம் அவர் பெயரில்தான் பதிவானது.

ஆறு கூடும் இடத்தில் இருந்த அவர்களுடைய மீன்பிடி முகாம் ஒரே வருடத்தில் இல்லாமல் போனது. தலைவர் ஐசக் தன் மக்களைக் கூட்டிக்கொண்டு ஆற்றோடு கீழே மூஸ்ஹைட் என்ற இடத்துக்குப் போனார். வந்தவர்களின் இரைச்சலில் தங்கள் பாட்டுகள் அழிந்துவிடும் என்று பயந்து, அலாஸ்காவில் இருந்த உறவினரிடம் அந்தப் பாட்டுகளைக் கொடுத்துவைத்தார். இதை அங்கே ஒரு பெண்மணி கதைத்தபோது என் அம்மா அழுதுவிட்டா. எங்கள் வீட்டிலும் வெளிக்கிட்ட அன்று கொண்டுவர முடியாததைப் பக்கத்து ஊர்ச் சனத்திடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம்.

கமராவைச் சுரங்க வேலை பக்கம் திருப்பினால் இவர்கள் படச்சட்டத்துக்குள் வரமாட்டார்கள். குடியேறிய சமூகத்தின் படத்தைப் பார்க்கும்போது, அவர்கள் குடியேறிய இடம் யாருடைய வீடு என்ற கேள்வியையும் நான் கேட்கத்தான் செய்வேன். நாங்களும் அப்படி வந்து குடியேறியவர்கள் என்பதால் அதிகமாகவே கேட்பேன். 2023 இல் அந்த நிலப்பகுதி ட்ரொண்டெக்-கிளாண்டைக் என்ற பெயரில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இப்போது அவர்களின் பெயர் முன்னால் நிற்கிறது.

தெற்குத்தெரு:

அக்கா, நீங்கள் எழுதியதை வாசித்தபின் என் முந்தைய பதிவை இன்னொரு தரம் படித்தேன். எடுத்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதில்தான் நான் நின்றுவிட்டேன். பார்க்கிற நாம் என்ன செய்யவேண்டும் என்பது வேறு கேள்வி, ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். டோசனில் மண்ணுக்குள் ஊமைப்படங்கள் கிடைத்தன என்று எங்கோ படித்த ஞாபகம். அவை இந்தச் சுரங்கப் படங்கள்தானா?

படச்சுருள்:

இல்லை சார், அது வேறு கதை. எனக்கு மிகவும் பிடித்த கதை, அதனால் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

தங்கம் குறைந்து, ஆட்கள் 1899 இல் அலாஸ்காவின் நோம் பக்கம் ஓடியபிறகும் டோசனில் ஒரு சமூகம் மிஞ்சியது. பிறகு வந்த பெரிய கம்பெனிகள் தூர்வாரிக் கப்பல்களை வைத்து ஓடைகளையே புரட்டிப்போட்டன. மிஞ்சிய ஜனம் சாயங்காலம் சினிமாவுக்குப் போனது. வட அமெரிக்காவின் பட விநியோகப் பாதையில் டோசன்தான் கடைசி ஊர். ஒரு படம் அங்கே வந்து சேர இரண்டு மூன்று வருடம் ஆகும். ஓடி முடித்த பழைய சுருளைத் திருப்பியனுப்பக் கப்பல் கூலி கொடுக்க எந்தக் கம்பெனியும் தயாராக இல்லை. அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்கள். கனடியன் பேங்க் ஆஃப் காமர்ஸ் அவற்றைப் பொறுப்பில் எடுத்து, ஊர் நூலகத்தின் நிலவறையில் அடுக்கியது. நிறையச் சுருள்கள் எரிக்கப்பட்டன, யூகான் ஆற்றிலும் போயின.

1929 இல் அந்த வங்கி ஊழியர் கிளிஃபர்ட் தாம்சனுக்கு இரண்டு தலைவலி. ஒன்று, அடைந்து கிடக்கும் படச்சுருள். இன்னொன்று, ஊர் விளையாட்டுக் கட்டடத்தில் நீச்சல் குளத்தின் மேல் அமைத்த பனிச்சறுக்குத் தளம் சமமாக உறையாமல் மேடும் பள்ளமுமாக இருந்தது. சுருள்களைக் குளத்தில் கொட்டி, மேலே மண் போட்டு மூடிவிட்டார். 49 வருடம் அதன்மேல் சனம் வாழ்ந்தது. 1978 இல் புதிய கட்டடத்துக்குத் தோண்டிய இயந்திரம் சுருள்களை வெளியே இழுத்துப் போட்டது. மொத்தம் 533 சுருள்.

அவை நைட்ரேட் படச்சுருள்கள். அது என்னவென்று சொல்லவேண்டும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை அது தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். நம் ஊரில் முதல் ஊமைப்படம் எடுத்த நடராஜ முதலியாரின் ஸ்டூடியோவும் 1923 இல் தீயில் போனது, அவருடைய மகனும் அந்தத் தீயில் போனார். அவர் எடுத்த கீசகவதம் இன்று ஒரு அடிகூட இல்லை. எங்கள் வேலையறையில் ஒரு டப்பாவைத் திறக்கும்போது புளித்த நாற்றம் வந்தால் எனக்கு வயிற்றைப் பிசையும், உள்ளே என்ன மிஞ்சியிருக்கும் என்று.

டோசனில் அந்த உறைமண்தான் காப்பாற்றியது. குழி தோண்ட விடாமல், செம்மண் சொன்ன அந்தப் படத்து ஆட்களைப் பாடாய்ப்படுத்திய அதே உறைமண். வெளியே எடுத்ததும் உருகிய ஈரம் ஓரங்களில் ஏறியது. அதனால்தான் அந்தப் படங்களின் ஓரத்தில் வெள்ளையாக ஒன்று அலையடித்துக்கொண்டே இருக்கும். கனடா ராணுவத்தின் ஹெர்குலிஸ் விமானத்தில் அவற்றை ஒட்டாவாவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு கனடாவும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் பிரித்துக்கொண்டு காப்பாற்றின. செய்திச்சுருள்களில் 1919 பேஸ்பால் உலகத் தொடர்கூட இருந்தது, சூதாட்ட ஊழலால் பெயர்கெட்ட அதே தொடர்.

ஆகவே சார், அவை சுரங்க மக்களைக் காட்டிய படங்கள் அல்ல, அவர்கள் பார்த்த படங்கள். எனக்கு இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தோன்றும்.

ஆற்றுமணல்:

படச்சுருள் சொன்னதும் ஒன்று ஞாபகம் வந்தது. டோசனில் சிறுவனாகப் பத்திரிகை விற்ற சிட் கிராமன்தான் பிறகு ஹாலிவுட்டின் புகழ்பெற்ற தியேட்டர்களைக் கட்டினார். சாப்ளினின் தங்க வேட்டைப் படம் 1925 ஜூனில் முதலில் திரையிடப்பட்டது அவருடைய தியேட்டரில்தான். டோசனில் ஆர்ஃபியம் அரங்கை நடத்திய கிரேக்கக் குடியேறி அலெக்சாண்டர் பான்டேஜஸும் பிறகு தியேட்டர் வரிசைக்கே முதலாளி ஆனார். சில்கூட் படிகளில் மனிதக் கோடு நகர்வதைப் பலர் திரையில் பார்த்தது சாப்ளினின் படத்தில். அதைக் கலிபோர்னியாவில், வாடகைக்குக் கூட்டிவந்த ஆட்களை வைத்து எடுத்தார்கள்.

செம்மண்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் முழுவதையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முல்லைக்கொடி அக்கா எழுதியதை இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னார்.

ராத்திரி தீ மூட்டிக் காலையில் இறங்குவது என்ற இடத்தில் நிறுத்தினார். "புகை முழுசாப் போறதுக்குள்ள இறங்கியிருப்பானுங்க. மூச்சு முட்டிச் செத்தவன் எத்தனை பேரோ" என்றார். எங்கள் பக்கம் வெடிவைத்தபின் புகை அடங்கக் காத்திருப்பார்களாம். எல்லா நாளும் காத்திருந்தார்களா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

அப்புறம் அந்தப் படத்தை மறுபடி போடச் சொன்னார். இந்தத் தடவை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெரிய திரையில் பார்த்தார். மண்ணைக் கழுவும் ஆட்களை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ மண்ணு எடுக்க எத்தனை பேர் கீழே இருந்திருப்பாங்க" என்று எண்ண ஆரம்பித்தார். ஒரு வாளிக்கு எவ்வளவு எடை என்று தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம் என்கிறார். ஆற்றுமணல் அண்ணா, அந்த ராட்டினத்து வாளி எவ்வளவு பெரியது என்று தெரிந்தால் சொல்லுங்கள், அப்பா காத்திருக்கிறார்.